வடிவின் வலது கை

பருத்திப்பட்டு
15-8-1988

மாப்பிள்ளை பாஸ்கரனுக்கு,

பக்தவத்சலம் எழுதுவது. இங்கே நானும் புஷ்பாவும் உயிரோடிருக்கிறோம். ஜபல்பூர் தண்ணீர் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதாக வனஜா சொன்னாள். நல்லது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் கல்யாணத்தில் பெண்ணின் அண்ணனான என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தீர்கள். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். ‘எம்.எஸ்ஸி. படிச்சிட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல போல்ட்டு எண்ணிகினு கீறாரு’ என்று என் காதுபடச் சொன்னீர்கள், அதையும் விழுங்கினேன். நேற்று உங்கள் குவார்ட்டர்ஸில் பார்த்ததை விழுங்க முடியவில்லை.

வடிவு சுவரோரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே வனஜா, கையில் மர ஸ்கேல். சுதந்திர தின விடுமுறைக்கென்று ஏழு நோட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஐம்பது கணக்கு. இருபத்தைந்து சொற்கள், ஒவ்வொன்றும் இருபது தடவை. இன்னும் என்னென்னவோ. ஒரு வரி கோணினால் ஓர் அடி. நான் செருப்பைக் கழற்றி உள்ளே போய் நிற்பதற்குள் பதினொன்று எண்ணினேன். குழந்தை அழவில்லை. அடி விழுவதற்கு முன் நோட்டை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்கிறாள், பக்கம் கசங்காமலிருக்க. அவளுக்கு ஒன்பது வயது.

ஸ்கேலைப் பிடுங்கினேன். ‘உடு அண்ணா, அவரு லெட்டர் போட்டுகீறாரு’ என்று வனஜா அழுதாள். காட்டினாள். ‘மூணாவது ரேங்குக்குக் கீழே போனால் தோலை உரித்துவிடு, மிச்சத்தை நான் வந்து உரித்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில் வடிவுக்கு முத்தம்.

ஸ்கேலைக் கீழே போடும்படி அவளுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்.

பக்தவத்சலம்

*

ஜபல்பூர்
4-9-1988

மச்சானுக்கு பாஸ்கரன் வணக்கம்.

சௌகரியமாக இருக்கிறேன். ஷிப்டு மாறிக்கொண்டே இருப்பதால் பதில் தாமதம். புஷ்பா அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிள்ளை பெறாதவர்களுக்கு அடுத்தவர் பிள்ளைமேல் இரக்கப்படுவது சுலபம். என் நைனா வெள்ளானூரில் ஏர் ஓட்டியவர். புளியம் விளாறு என் முதுகில் விழாத நாள் கிடையாது. அந்த முதுகுதான் டிப்ளமா வாங்கியது. உங்களை யாரும் அடிக்கவில்லை. எம்.எஸ்ஸி. வாங்கினீர்கள். இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். எனக்கு மாற்றல் வந்த அன்றே குவார்ட்டர்ஸைக் காலி செய்திருக்க வேண்டும். பிள்ளை ஆவடியில் படிக்கிறாள் என்று வருஷா வருஷம் பள்ளியிலிருந்து சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம். அதில் கையெழுத்துப் போடுபவர் கரஸ்பாண்டண்ட் வரதன். உங்களை அந்தப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிய அதே வரதன். நீங்கள் போய் அங்கே சட்டம் பேசினால் என் பெண்டாட்டி பிள்ளை தெருவில் நிற்கும்.

ஆகவே என் வீட்டுக்கு இனி வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை.

பாஸ்கரன்

*

ஆவடி
20-9-1988

அண்ணாவுக்கு வனஜா எழுதிக்கொண்டது.

எனக்குத் தலைவலி தவிர ஒன்றுமில்லை. வடிவுக்குச் சளி. அண்ணிக்கு நொச்சித் தழை வைத்துக் கட்டு. நாலு மைலில் இருந்துகொண்டு தபால் போட்டுக்கொள்கிறோம், சிரிப்பாக இருக்கிறது. நீ வந்தால் பக்கத்து வீட்டு கஜபதி அவருக்கு எழுதிவிடுவார்.

என்னை ராட்சசி என்று நினைத்திருப்பாய். நாலரைக்குப் பிள்ளை வருகிறாள். ஷூவைக் கழற்றியதும் நோட்டு. கக்கூஸுக்குப் போனாலும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போகிறாள். சோறு நான் ஊட்டுகிறேன், அவள் எழுதுகிறாள். அப்படியும் முடிக்காமல் போனால் பார்வதம் மிஸ் முட்டி போட வைக்கிறாள், இம்போசிஷன் கொடுக்கிறாள். அது மறுநாள் நோட்டோடு சேர்ந்துகொள்கிறது.

முந்தாநாள் குழாயடியில் வேம்புலியம்மாள், ‘இன்னா வனஜா, உன் பொண்ணு ஒம்பதாவது ரேங்காமே? எங்க நாகவல்லி ரெண்டாவது. நீ ஊட்ல குந்திகினு இன்னாதான் பண்றே?’ என்று கேட்டாள். குடத்தை அவள் தலையில் போட்டு உடைத்திருப்பேன். அவளை உடைக்க முடியுமா? வீட்டுக்கு வந்து இவளை அடித்தேன். ஸ்கேல் முறிந்துபோனது. வெட்கத்தை விட்டு உனக்குச் சொல்கிறேன்.

பால்கார எல்லம்மாவிடம் கணக்கு நோட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் இந்த வாரமும் ஐம்பது கணக்கு. அதை மட்டும் நீ போட்டுத் தா, அண்ணா. உன் கைக்குக் குழந்தை எழுத்தும் வரும். மிச்சத்தை அவள் முடித்துவிட்டால் ஒரு நாளாவது எட்டு மணிக்குத் தூங்குவாள்.

வனஜா

*

பருத்திப்பட்டு
21-9-1988

வனஜாவுக்கு,

புஷ்பா நொச்சி கட்டிக்கொண்டாள். குழந்தையின் சளிக்கு வெந்நீர் மட்டும் கொடு, டாக்டரிடம் ஓடாதே.

ஐம்பது கணக்கும் போட்டாயிற்று. பென்சிலை மொக்கையாக வைத்துக்கொண்டு, ‘8’-ஐ இரண்டு வட்டமாக, அவள் எழுதுவது போலவே எழுதினேன். இனி வாரத்துக்கு இரண்டு நோட்டு அனுப்பு.

அந்தப் பள்ளியில் மூன்று வருஷம் கணக்கு எடுத்தவன் நான். நானும் அடித்தேன். வீட்டுப்பாடம் முடிக்காத ஒரு பையனின் காதைத் திருகியதில் அடிப்பக்கம் கிழிந்து என் விரலில் ரத்தம் வந்தது. அவன் அப்பா மறுநாள் வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ‘இன்னொரு காதும் கீது சார், படிச்சா போதும்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றோடு வீட்டுப்பாடம் கொடுப்பதை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் வரதன் கூப்பிட்டு, ‘நோட்டு காலியா போனா ஸ்கூல் நடக்குதான்னே பேரண்ட்ஸ் கேக்கறாங்க சார். நீங்க வேற எடம் பாத்துக்குங்க’ என்றார். அதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

அடிக்காதே, வனஜா.

உன் அண்ணன்

*

ஆவடி
13-10-1988

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

இனி நோட்டு அனுப்ப மாட்டேன். மாட்டிக்கொண்டோம். பார்வதம் மிஸ் ஒவ்வொரு கணக்குக்கும் ஆறு படி எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நீ நாலு படியில் முடித்திருக்கிறாய். எல்லாவற்றையும்! விடை சரி, படி இல்லை. உனக்கு ஏன் அந்த இரண்டு வரியை எழுத மனசு வரவில்லை? ‘இவ்ளோ புத்திசாலித்தனம் உனக்கு ஏதுடி? எவன் போட்டான்?’ என்று கேட்டிருக்கிறாள். வடிவு வாயைத் திறக்கவில்லை. கேட்கக் கேட்க, டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் வலது கை விரல் முட்டியில் அடித்திருக்கிறாள். இருபது என்கிறாள் நாகவல்லி. முப்பது என்கிறது இன்னொரு பெண். இதுவரை உன் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் மிஸ் என்னை, ‘பொண்ணைத் திருட்டுத்தனம் பண்ண வெச்சிருக்கீங்களே, நீங்க ஒரு அம்மாவா?’ என்று கேட்டாள். நான் ஒன்றும் தெரியாதவள் போல நின்றேன். நின்றுவிட்டு, அவர்கள் பார்க்கும்படி நானும் அவளை அடித்தேன், அண்ணா. நான் அனுப்பிய நோட்டுக்காக நானே கன்னத்தில் அறைந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

வனஜா

*

பருத்திப்பட்டு
18-1-1989

பாஸ்கரனுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை. என் இடது கண் இன்னும் திறக்கவில்லை. உங்கள் பல்லுக்குத் தங்க மூடி போட்டுக்கொள்ளுங்கள், பொருத்தமாக இருக்கும்.

பொங்கலுக்கு வருகிற மனிதர் பிள்ளைக்கு ஒரு கரும்பு வாங்கிக்கொண்டு வருவார். நீங்கள் அரையாண்டு ரேங்க் அட்டையைக் கேட்டு வாங்கினீர்கள். பதினான்கு. பெல்ட்டை உருவினீர்கள். மாமன் முறைக்குப் பொங்கல் வரிசை எடுத்து வந்த நான் வாசலில் நிற்கிறேன். குழந்தைக்குமுன் வனஜா விழுந்தாள், வனஜாவுக்குமுன் நான் வந்தேன். பக்கிள் என் கண்ணில் பட்டது. நான் குத்தினேன். மறைக்க ஒன்றுமில்லை, பல் உடையும் என்று தெரிந்தே குத்தினேன். இத்தனை வருஷமும் அந்தக் குத்து என் கையில் இருந்தது. கஜபதி வந்து இழுத்திராவிட்டால் இன்னும் இரண்டு பல் போயிருக்கும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் சொந்தத் தங்கை என்னைப் பார்த்து, ‘போ அண்ணா, நீ வந்துதான் எல்லாம் கெட்டுது, நீ போட்ட கணக்காலதான் எம்பொண்ணு அடி வாங்கினா, போ’ என்று கதவைக் காட்டினாள்.

போய்விட்டேன். இனி உங்கள் வீட்டிலிருந்து வரும் எதையும் தொட மாட்டேன். அவளுக்கும் சொல்லிவிடுங்கள்.

பக்தவத்சலம்

*

(அஞ்சல் அட்டை)

ஆவடி
30-1-1989

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் நன்றாக இருக்கிறீர்களா? உங்கள் கண் சரியாகிவிட்டதா?

நைனா ஊருக்குப் போய்விட்டார். அம்மா இப்போது அடிப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். மிஸ் தினமும் மூன்று இம்போசிஷன் கொடுக்கிறார்கள். நேற்றையது பாக்கி, முந்தாநாளையதும் பாக்கி.

ஒரு சந்தேகம் மாமா. கஜபதி மாமாவுக்கு கால் உடைந்தபோது மூன்று மாசம் வேலைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். கை உடைந்தால் எத்தனை மாசம் எழுத வேண்டாம்? அம்மாவைக் கேட்டால் திட்டுவாள். நீங்கள் பதில் போடுங்கள். அட்டையில் போடாதீர்கள், கவரில் போடுங்கள்.

இப்படிக்கு
வடிவு
நான்காம் வகுப்பு ‘பி’

*

ஆவடி
24-2-1989

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எல்லம்மாவிடம் இரண்டு தடவை சொல்லியனுப்பினேன், நீ வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வடிவு அடுப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ‘தொப்’ என்று சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கிறாளோ என்று நினைத்தேன். மறுபடியும் ‘தொப்’. ஓடி வந்தேன். வலது கையை அம்மிமேல் விரித்து வைத்திருக்கிறாள். குழவி மடியில் கிடக்கிறது. நோட்டெல்லாம் ரத்தம். அழவில்லை, அண்ணா. உதடு வெளுத்துப்போய், ‘இனிமே எழுத வாணாம் இல்லம்மா?’ என்று கேட்டாள்.

ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். நடு விரலுக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கதவு நசுக்கியது என்று சொன்னேன். அவருக்கும் கதவு என்றுதான் எழுதியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

நேற்று நாகவல்லி ஒரு புது நோட்டு கொண்டு வந்தாள். பார்வதம் மிஸ் கொடுத்தனுப்பியது. முழுப் பரீட்சைக்கு முன் இடது கையால் எழுதப் பழகட்டுமாம், தினம் நாலு பக்கம். பரீட்சை எழுதாவிட்டால் பாஸ் இல்லை, பாஸ் இல்லாவிட்டால் சர்ட்டிபிகேட் இல்லை என்று வரதன் சார் சொல்லச் சொன்னாராம்.

குவார்ட்டர்ஸ் போய்விடுமே என்று நானும் பென்சிலை அவள் இடது கையில் வைத்தேன். முதல் வரி எழுதிவிட்டாள். இரண்டாவது வரியில் நிமிர்ந்து அடுப்படியைப் பார்க்கிறாள். அம்மியைத் தூக்கிக் கஜபதி வீட்டில் வைத்துவிட்டேன். எதையெதைத் தூக்கி வைப்பேன்?

வனஜா

*

ஜபல்பூர்
6-3-1989

மச்சானுக்கு,

வணக்கம். நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்க வேறு ஆள் இல்லை.

கதவில் நசுங்கியது என்று வனஜா எழுதியிருக்கிறாள். எந்தக் கதவு? ஏழு வருஷம் அந்த வீட்டில் இருந்தவன் நான். மூன்று கதவும் ஊறி வீங்கிப் பாதியில் நின்றுவிடும். நானே தோளால் இடித்துத்தான் சாத்துவேன். ஒரு குழந்தையின் விரலை நசுக்குகிற வேகத்தில் அதில் எந்தக் கதவும் சாத்தாது.

வனஜா அடித்தாளா? மிஸ் அடித்தாளா? அடித்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள். லீவு கேட்டிருக்கிறேன். வந்து அவர் கையை உடைக்காமல் விட மாட்டேன்.

புஷ்பா அக்காவுக்கு என் வணக்கம்.

பாஸ்கரன்

*

பருத்திப்பட்டு
12-3-1989

மாப்பிள்ளைக்கு,

கண் சரியாகிவிட்டது. உங்கள் பல்லைப் பற்றி எழுதியதற்கு வருந்துகிறேன்.

யாரும் அடிக்கவில்லை. அவளே அம்மிக் குழவியால் தன் கையை நசுக்கிக்கொண்டாள். இரண்டு முறை. முதல் முறை போதவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். எழுதாமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். நீங்கள் உடைக்க வேண்டிய கைகளைத் தேடிக்கொண்டு வந்தால் உங்கள் கையிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்தது என்னுடையது.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முப்பதாம் தேதி வடிவு எனக்கு ஓர் அட்டை எழுதினாள். கை உடைந்தால் எத்தனை மாசம் எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அதைப் பெற்ற அன்று, ஆவடி முத்திரையைப் பார்த்ததும், படிக்காமல் அலமாரிமேல் போட்டேன். உங்கள் வீட்டிலிருந்து வரும் எதையும் தொட மாட்டேன் என்று சபதம் செய்தவன் அல்லவா நான். மூன்று வாரம் அங்கே கிடந்தது. எல்லம்மா கையில் திணித்துவிட்டுப் போன வனஜாவின் கடிதத்தைப் படித்த பிறகுதான் அதை எடுத்துப் படித்தேன். எட்டணா கவரில் நான் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால், அல்லது சைக்கிளை எடுத்திருந்தால், இருபது நிமிஷம். ரோஷம் என்னை விடவில்லை.

இப்போது அவள் இடது கையில் பென்சில் இருக்கிறது. அந்தக் கையையாவது காப்பாற்ற வேண்டுமென்றால், குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது.

பக்தவத்சலம்

*

(தந்தி)

ஜபல்பூர்
15-3-1989

இருவரையும் உடனே உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகவும். வீடு போகட்டும். புறப்படுகிறேன். பாஸ்கரன்

*

19-3-1989

நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளைகளின் தகப்பனார்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். இதை நாற்பத்தொரு பிரதிகள் கையால் எழுதியிருக்கிறேன். விரல் வீங்கிவிட்டது. உங்கள் பிள்ளை ஒரு வாரத்தில் எழுதுவதில் இது பாதிகூட இருக்காது.

உங்கள் பிள்ளையின் வகுப்பில் வடிவு என்று ஒரு பெண் இருந்தாள். கதவில் கை நசுங்கியது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பொய். வீட்டுப்பாடம் எழுத முடியாமல் ஒன்பது வயதுக் குழந்தை தன் வலது கையைத் தானே கல்லால் நசுக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாளே அவளுக்கு இடது கை நோட்டு அனுப்பினார்கள். பெற்றவர்கள் ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவள் இனி அந்தப் பள்ளிக்கு வர மாட்டாள். இப்போது நான் இருக்கும் வீட்டில் இருக்கிறாள். நான் பென்சில் சீவும்போதெல்லாம் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். நானும் நிறுத்திவிட்டேன்.

பார்வதம் டீச்சரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நீங்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நோட்டு நிறையவில்லை என்று பள்ளியில் போய்ச் சண்டை போட்டவர்கள் உங்களில் சிலர். குழாயடியில் ரேங்க் விசாரித்தவர்கள் உங்கள் வீட்டுப் பெண்கள். நானும் பிள்ளைகளை அடித்தவன், நோட்டைத் திருத்தியவன், பதில் எழுத வேண்டிய நேரத்தில் எழுதாதவன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாளைக்குத் திங்கட்கிழமை. சாயங்காலம் உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் திறக்க விடாதீர்கள். வலது கையை வாங்கி விரித்துப் பாருங்கள். நடு விரலின் பக்கவாட்டில் காய்ப்பு இருக்கும். விரல் முட்டியில் தழும்பு இருந்தால் அது எதனால் என்று கேளுங்கள். அடித்துக் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை நாற்பத்தொரு நோட்டும் காலியாகப் போகட்டும். ஒன்றோ இரண்டோ போனால் அடி விழும். நாற்பத்தொன்றும் போனால் ஒருவரால் எத்தனை பேரை அடிக்க முடியும்?

இதன் அடியில் பெயர் எழுதப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தப் பள்ளிக்கும் பழைய பகை உண்டு. உங்களில் பலருக்கு அது தெரியும். பெயரைப் போட்டால், ‘அந்த ஆளா? வேலை போன கடுப்புல எழுதிகினு கீறான், உடுங்க சார்’ என்பார் கரஸ்பாண்டண்ட். நீங்களும் சிரித்துவிட்டு இதை மடித்து வைத்துவிடுவீர்கள். என் பகை உண்மை. குழந்தையின் விரலும் உண்மை. என் பெயர் இருந்தால் முதலாவதைத்தான் படிப்பீர்கள்.

ஆகவே பெயர் போடாமலே நாளை விடிந்ததும் தபால் பெட்டியில் சேர்க்கப் போகிறேன். திங்கட்கிழமை கிடைக்காமல் செவ்வாய்க்கிழமை கிடைத்தால், நோட்டு புதன்கிழமை காலியாகப் போகட்டும்; செவ்வாய்க்கிழமை கையைப் பாருங்கள்.